எடுத்தாச்சு

ஜூன் 16, திங்கள்

போல்ட், நட்டு சப்ளை செய்கிறவர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக ஸ்டோர் ரூம் மேசையில் டீ கிளாஸ் வைக்கத்தான் ஆயிற்று. இன்று முதல் இதில் எழுதப் போகிறேன். ஷேர் மார்க்கெட்டுக்கு ஆன்லைன் வகுப்பு எடுக்கிற சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாங்குனது, வித்தது, ஏன் செஞ்சீங்க, எல்லாம் எழுதுங்க. கடைசில அன்னிக்கு மனநிலை என்னன்னு ஒரு வரி எழுதுங்க. தன் மனசு தெரியாதவன் மார்க்கெட்ல நிக்க முடியாது." சரி, எழுதிவிட்டால் போயிற்று.

பெயர் தண்டபாணி. ஊர் கரூர். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் ஸ்டோர் இன்சார்ஜ். ஜன்னல் ரப்பரிலிருந்து டிரைவர் சீட்டு வரை என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. மனைவி இந்துமதி, தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஆவணியில் சொந்தமாக ஒரு லேப் திறக்கப் போகிறாள். அதற்காக மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்துப் போட்டு வந்த பணம் மியூச்சுவல் ஃபண்டில் இருக்கிறது. கணக்கு என் பெயரில், ஆப் என் போனில். அதை நான் தொட மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். நான் ஆடுவது என் சொந்தச் சில்லறையில் மட்டும்.

நான் ஏன் மார்க்கெட்டுக்கு வந்தேன் என்பதையும் எழுத வேண்டுமாம். எல்லாரையும் போலத்தான், எதிர்காலத்துக்காக. இந்துவின் தங்கை யமுனாவின் வீட்டுக்காரர், அதாவது என் சகலை சிவசண்முகம், ஒரு வருடமாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லாபக் கணக்கைப் படம் பிடித்துப் போடுகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மனநிலை: நிதானம்.

ஜூன் 18, புதன்

சகலை ஸ்டேட்டஸ். பச்சை எழுத்தில் ஒரு தொகை. கீழே ஒரு வரி: "இன்னைக்குக் காப்பிக் காசு."

காப்பிக் காசாம்! அது என் அரை மாதச் சம்பளம். நாமக்கல்லில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற ஆளுக்கு எத்தனை திமிர் இருந்தால் இப்படி எழுத வரும். அந்த ஆளுக்குக் கணக்கில் வட்டி போடக்கூடத் தெரியாது. கல்யாணமான புதிதில் கடை லோனுக்கு என்னிடம்தான் வந்து, "அண்ணா, இதக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று நின்றார்.

என் கணக்கில் இன்று சிவப்பு. டீக் காசுதான் போயிற்று. போகட்டும்.

மனநிலை: நிதானம்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நான் வைத்திருந்த சிமெண்ட் ஷேர் லேசாக இறங்கியது. லேசாகத்தான். ஆனால் போன் டிங் டிங் என்று அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பயந்து விற்றேன். சாப்பாட்டு நேரத்தில் அது ஏறிவிட்டது. விற்றதைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். அப்புறம் அது மறுபடியும் இறங்கியது.

இதற்கு நடுவில், போனைப் பார்த்துக்கொண்டே கதவு ரப்பருக்குப் பதிலாக ஜன்னல் ரப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் வந்து கத்தினார். "ஏனுங்க, ஸ்டோர்ல உக்காந்துட்டு என்ன கனாக் காண்றீங்ளா?" வேலை தெரியாத மாதிரி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். சகலைக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. சொந்தக் கடை. நாள் பூராவும் போனைப் பார்க்கலாம்.

மனநிலை: நிதானம்தான். ஃபோர்மேன் மேல் மட்டும் கொஞ்சம் கோபம்.

ஜூன் 22, ஞாயிறு

மார்க்கெட் லீவு. ஞாயிற்றுக்கிழமையை எவன் கண்டுபிடித்தானோ! காலையிலிருந்து ஆப்பைத் திறக்கிறேன், வெள்ளிக்கிழமை விலை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மூடுகிறேன். திறக்கிறேன்.

இந்து என்னைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லேபுக்குப் பார்த்திருக்கிற கடைக்குக் கூட்டிப்போனாள். சின்ன இடம். அவள் டேப் வைத்து அளந்தாள். இங்கே ஃபிரிட்ஜ், இங்கே மெஷின், ரத்தம் எடுக்க வருகிறவர்கள் உட்கார இங்கே நாற்காலி. அவள் முகம் நன்றாக இருந்தது. அப்போது பார்த்து சகலை ஸ்டேட்டஸ் வந்தது. ஏதோ புதுக் காரின் ஸ்டீயரிங், அதில் அவர் கை.

"இந்த ஜன்னல என்னங்க பண்றது? அடைச்சறலாமா?" என்று இந்து கேட்டிருக்கிறாள்.

"ஹோல்டு பண்ணு" என்று நான் சொன்னேனாம்.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள். சிரிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு இவ்வளவு மூஞ்சி தூக்கினால் என்ன செய்வது?

ஜூலை 2, புதன்

மாமனார் கொடுமுடியிலிருந்து போன் செய்தார். ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு மகள்களும் மாப்பிள்ளைகளும் வந்துவிட வேண்டும் என்றார். அப்புறம், "சின்ன மாப்ள போன வாரம் வந்திருந்தாருங்க. ஆளே எளச்சுட்டாரு" என்றார்.

எளைக்காமல் என்ன செய்வார்? பணம் வந்தால் முதலில் ஜிம்முக்குத்தானே போவார்கள்.

இந்துவும் யமுனாவைப் பார்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டாள். "கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு போட்டிருக்கறா. கேட்டா, தாலிக்கொடி இறுக்குதுன்னு சொல்றா." அதற்குப் பெயர்தான் ஸ்டைல் என்று சொன்னேன். காசு நிறைய இருக்கிறவர்களுக்கு நகை போடாமல் இருப்பதும் ஒரு பெருமை. இதெல்லாம் இந்துவுக்குப் புரியாது.

முன்பெல்லாம் மாமனார் வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்பார்கள். மூத்த மாப்பிள்ளைக்கு முதல் இலை. இந்த ஆடிக்குப் புதுக் காரில் வந்து இறங்குகிறவருக்கு முதல் இலை போடுவார்களோ என்னவோ. நான் அதையெல்லாம் நினைப்பதே இல்லை.

மனநிலை: நிதானம்.

ஜூலை 9, புதன்

இன்று காலை சகலை ஸ்டேட்டஸ்: "வைரமேகம் கேபிள்ஸ். எடுத்தாச்சு." பக்கத்தில் தீ எரிகிற பொம்மை.

லாபக் கணக்கு இல்லை, தொகை இல்லை. வெறும் "எடுத்தாச்சு." அப்படியென்றால் பெரிதாக எடுத்திருக்கிறார். பெரிதாக எடுத்தவன்தான் தொகையை மறைப்பான். நான் வைரமேகத்தின் விலைப் படத்தைப் பார்த்தேன். இரண்டு மாதமாக மாடிப்படி மாதிரி ஏறியிருக்கிறது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்த ஆள் இதிலும் ஏறிப் போய்விட்டால் அப்புறம் ஆடிக்குக் கொடுமுடியில் நான் எந்த மூஞ்சியோடு உட்காருவது?

என் சில்லறையில் இதை வாங்கி ஒன்றும் ஆகாது. வாங்கினால் ஒரு கை அள்ளிவிட வேண்டும்.

ஃபண்டை விற்கும் பொத்தானை அழுத்தினேன். திங்கட்கிழமை பணம் வருமாம். லேப் ஆவணியில்தானே? அதற்குள் இரண்டு மடங்காக்கி அப்படியே திரும்ப வைத்துவிடலாம். இன்னும் நல்ல மெஷினாகவே வாங்கித் தரலாம். இதில் நான் எனக்கென்று எதையும் செய்யவில்லை.

மனநிலை: நிதானம். பேனா மட்டும் இரண்டு முறை கீழே விழுந்துவிட்டது. காப்பி அதிகம்.

ஜூலை 14, திங்கள்

பணம் வந்தது. முழுவதையும் வைரமேகத்தில் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஏறியிருக்கிறது! சொன்னேனில்லையா!

நானும் ஒரு ஸ்டேட்டஸ் வைத்தேன். "வைரமேகம். எடுத்தாச்சு." அவர் போட்ட அதே தீப் பொம்மை. இந்து பார்த்துவிடக் கூடாதே என்று ஆப்பைக் குடைந்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். ஸ்டேட்டஸை ஒரே ஒருத்தருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாமாம். இப்படியொரு வசதி இருப்பதே இன்றுதான் தெரியும். சகலை பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்தேன்.

உடனே பார்த்துவிட்டார். பார்த்த கையோடு போன். நான் எடுக்கவில்லை. மறுபடி போன். எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்து, அப்புறம் ஒரு செய்தி: "அண்ணா, கொஞ்சம் அவசரமா பேசணும்."

பேசணுமாம்! வயிறு எரிகிறது போலிருக்கிறது. எரியட்டும். ஒரு வருடம் எனக்கு எரிந்ததற்கு ஒரு நாளாவது அவருக்கு எரிய வேண்டாமா? இன்று இரவு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

மனநிலை: பிரமாதம்.

ஜூலை 17, வியாழன்

வைரமேகம் கணக்கில் ஏதோ கோளாறாம், விசாரணையாம். காலையில் செய்தி வந்தது. மார்க்கெட் திறந்ததும் விலை இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு இதற்கு மேல் இறங்கக் கூடாது என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டுவிட்டால் விற்க ஊரே வரிசையில் நிற்கும், வாங்க ஒரு ஆள் இருக்காது. விற்கும் பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். என் விண்ணப்பம் அந்த வரிசையில் எங்கேயோ நிற்கிறது.

இன்று ஆடி ஒன்று, எங்கள் பக்கம் தேங்காயைக் குச்சியில் செருகித் தீயில் சுட்டுச் சாமிக்குப் படைக்கிற நாள். தேங்காய் சுட வேண்டும் என்று இந்து குச்சி சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பிடிக்கச் சொன்னாள். ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் போன். தேங்காய் கருகிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

தினமும் ஒன்பதே காலுக்குத் திறக்கிறது, உடனே பூட்டிக்கொள்கிறது. பாத்ரூமில் பார்க்கிறேன். வண்டி சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறேன். சட்டைப்பையில் போன் இல்லாதபோதுகூட அந்த இடம் அதிர்கிறது. கையை வைத்துப் பார்த்தால் வெறும் பை.

இந்து கேட்டாள்: "கடைக்காரரு அட்வான்ஸ் கேக்கறாருங்க. ஃபண்டுலருந்து எப்ப எடுக்கலாம்?"

"ஆடில யாராவது அட்வான்ஸ் குடுப்பாங்களா? ஆடி கழியட்டும்."

"அதுவும் சரிதான்" என்றாள். சாமி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததில்லை என்று அவளுக்கு ஆச்சரியம்.

சகலை இப்போதெல்லாம் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. வைரமேகத்தில் அவரும்தானே மாட்டியிருப்பார். அதை நினைத்தால்தான் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொடுமுடியில் காவிரி நிறைய தண்ணீர். சகலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. சட்டை தோளில் தொங்கியது. ஜிம் உடம்பு அப்படி இருக்காது. முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். ஆனால் மாமியார் வடை வைக்கும்போது சகலைக்கு இரண்டு, எனக்கு ஒன்று. "நல்லாச் சாப்புடுங்க சாமி" என்று அவரிடம் கெஞ்சல் வேறு. எனக்கு வந்ததே கோபம்.

"என்னங்க சகலை, வைரமேகத்துல நீங்க எவ்வளவு விட்டீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

யமுனா சாம்பார் வாளியோடு நின்றாள். "எதுல மாமா?"

"அட, உங்க வீட்டுக்காரருதான் ஸ்டேட்டஸ்ல தெனமும் போடறாரே. லாபம், காரு, காப்பிக் காசு..."

"இவரா? இவரு ஸ்டேட்டஸே வெக்க மாட்டாருங்களே மாமா."

மாமியார் போனில் தேடினோம், அப்படி ஒரு ஸ்டேட்டஸும் இல்லை. மாமனார் போனில் இல்லை. இந்து தன் போனை எடுத்துத் தேடிவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கும் வந்ததே இல்லீங்களே. யாரு போட்டதப் பார்த்தீங்க?"

சகலை இலையை மூடிவிட்டு எழுந்தார். நான் பின்னாலேயே போனேன். ஆற்றுப் படித்துறையில் கூட்டம். ஓரமாக நின்றார்.

"உங்களுக்கு மட்டுந்தானுங்ணா வெச்சேன்" என்றார்.

"எனக்கு மட்டுமா? எதுக்கு?"

"எல்லாம் போச்சுங்ணா. யமுனா கொடி வரைக்கும் போச்சு. ஜெயிச்ச அன்னிக்கு மட்டும் படம் புடிச்சு வெப்பேன். காரு ஒரு கஸ்டமரோடதுங்க. வெச்சதும் நீங்க பார்த்துருவீங்க. நீங்க பார்த்துட்டீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்குச் சோறு எறங்கும்."

"அப்ப, எடுத்தாச்சுன்னு போட்டது?"

"வெளிய எடுத்தாச்சுங்ணா. கடன அடைக்க மிச்சமிருந்தத வித்து எடுத்துட்டேன். வித்துட்டேன்னு போட மனசு வரல. அதான் எடுத்தாச்சுன்னு போட்டேன். நீங்க அத வாங்கிட்டீங்கன்னதும் பதறிப் போயித்தான் மூணு தடவ கூப்ட்டேன்."

நான் படியில் உட்கார்ந்தேன்.

"இந்த வூட்ல எதுன்னாலும் பெரிய மாப்ளையக் கேளு, பெரிய மாப்ளையக் கேளும்பாங்க. உங்க மேல எனக்கு அத்தன பொறாமைங்ணா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் வேண்டும். சந்தோஷமாக இருந்தது. இந்துவின் பணம் மொத்தமும் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. என் மேல் பொறாமைப்பட ஓர் ஆள் இருந்திருக்கிறான்.

திரும்பினால் இரண்டு படி மேலே இந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. "நீங்க எந்தப் பணத்துல எடுத்தீங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவள் திட்டவில்லை. எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அத மொதல்ல வித்துட்டு, அந்த ஆப்ப எடுத்துருங்க" என்றாள். கடைக்காரருக்குப் போன் போட்டு, கடை வேண்டாம் என்று சொன்னாள். அவர் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்.

சகலை அங்கேயே ஆற்றங்கரையில் தன் போனை யமுனாவிடம் கொடுத்துவிட்டாராம். பெரிய தியாகி. எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"ஆப்ப எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

பொய் இல்லை. முகப்பிலிருந்து எடுத்து, கால்குலேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். வைரமேகத்தை இன்னும் விற்க முடியவில்லை. விற்க முடியாததைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஒரு நாள் திரும்பி ஏறினால் யார் பார்ப்பது?

இந்து என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மனநிலை: நிதானம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் பால் ஊற்றும்போது பால்காரர் சொன்னார்: "வெள்ளிக்கெழம கண்டிப்பா வந்தர்றனுங்க."

"எங்கீங்க?"

"என்னுங்க இப்பிடிக் கேக்கறீங்க? அக்கா லேப் தொறப்புக்குத்தான். ஸ்டேட்டஸ்ல பத்திரிகை போட்டிருந்தாங்களே!"

என் போனைப் பார்த்தேன். இந்துவின் பெயரில் எதுவும் இல்லை. பால்காரர் தன் போனைக் காட்டினார். மஞ்சள் பத்திரிகை. லேப் இல்லை, சாம்பிள் எடுத்து அனுப்புகிற சின்ன சென்டர். வெங்கமேட்டில் ஓர் அறை. வெள்ளி காலை ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம். அனைவரும் வருக. கீழே இரண்டு பெயர்: இந்துமதி, யமுனா. அங்கே சேர்ந்திருந்த பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலையை விட்டிருக்கிறாள். இதையும் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஃபோர்மேனுக்கு வந்திருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவுக்கு வந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் யமுனா நம்பருக்கு அடித்தேன். சகலைதான் எடுத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"போர்டு மாட்டறதே நாந்தானுங்ணா. ஏன், உங்களுக்குச் சொல்லலீங்களா?"

ஏணியில் ஏறி என் மனைவியின் போர்டை அந்த ஆள் மாட்டப் போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் இந்துவிடம் கேட்டேன். அவள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் தெரியாத மாதிரி வெச்சிருக்கற?"

"கால்குலேட்டருக்குப் பின்னாடி வெக்க உங்களுக்குத் தெரியுதல்ல, இது எனக்குத் தெரியாதா?" கோட்டைத் திருப்பிப் போட்டாள். "ஒம்போதே காலுக்கு வெளக்கேத்தறோம். போன வூட்ல வெச்சுட்டு வர முடிஞ்சா வாங்க."

ஒன்பதே கால். மார்க்கெட் திறக்கிற நேரம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனை அலமாரியில் வைத்தேன். பூட்டினேன். செருப்பை மாட்டும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மார்க்கெட் திறந்ததும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்ப உள்ளே வந்தேன். ஒன்பதே காலுக்குத் திறந்தது. இன்று பூட்டிக்கொள்ளவில்லை. யாரோ வாங்குகிறார்கள்! கொஞ்சம் ஏறியது. விற்கலாமா, இன்னும் ஏறுமா என்று செருப்புக் காலோடு நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். விற்கவில்லை. அப்புறம் பூட்டிக்கொண்டது.

வெங்கமேடு போய்ச் சேரும்போது குத்துவிளக்கு எரிந்து எண்ணெய் பாதியாகியிருந்தது. போர்டு மாட்டியாயிற்று. நேராகத்தான் மாட்டியிருந்தார். எங்காவது கோணலாக இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள்.

"வாங்க" என்றாள் இந்து. பால்காரரைக் கூப்பிட்ட அதே "வாங்க"தான். என் கையைப் பார்த்தாள். கையில் போன் இருந்தது.

எல்லாரையும் போர்டுக்குக் கீழே நிறுத்தினார்கள். வெள்ளைக் கோட்டில் இந்து, பக்கத்தில் யமுனா, மாமனார், மாமியார், ஓரத்தில் சகலை. நானும் போய் நிற்கப் போனேன்.

"மாப்ள, உங்க கையிலதான் போனு இருக்குதே. நீங்களே ஒரு படம் எடுத்துருங்க" என்றார் மாமனார்.

சரி என்று எதிரே போய் நின்றேன். திரையில் எல்லாரும் சிரித்தார்கள். அழுத்தப் போகும்போது மேலிருந்து வைரமேகம் பற்றி ஓர் அறிவிப்பு இறங்கி இந்துவின் முகத்தை மறைத்தது. அதை நான் முதலில் படித்தேன். படித்துவிட்டுத்தான் தள்ளினேன்.

"எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாள் இந்து.

"எடுத்தாச்சு" என்றேன்.

மனநிலை: பொறாமை. அந்தப் படத்தில் நிற்கிற எல்லார் மேலும்.